முட்டை நாளில் போட்ட மாத்திரை

பாப்பா,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னவன். நம்ம குடும்பத்தில் எது நடந்தாலும் அதை முன்கூட்டியே சொன்னவன் இந்த மாமன்தான் என்பது உனக்குத் தெரியும். உன் பத்தாம் வகுப்பு மார்க்கை ரிசல்ட்டுக்கு முதல் நாளே சொன்னேன். சுனாமிக்கு ஒரு வாரம் முன்னாலேயே கடல் வாசனை சரியில்லை என்று பஸ்ஸில் அத்தனை பேருக்கும் சொன்னேன். அதே மாதிரி, போன சித்திரையில் எல்லோரும் மாமல்லபுரம் போனபோது, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிப் பார்த்து, முடியாமல் என்னிடம் நீட்டினாயே, அந்த நிமிஷமே உன் அம்மாவிடம், “யக்கா, இவ கையைப் பாத்தியா? உன் கை இவளுக்கு வந்துகினு கீது” என்று சொன்னேன். சரி, வாய்விட்டுச் சொல்லவில்லை. நினைத்தேன். மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு, “கம்ப்யூட்டர் தட்டித் தட்டி விரல்ல தெம்பே பூடுச்சு” என்று கிண்டல்தான் பண்ணினேன். ஆனால் நினைத்தது நிஜம். இந்தக் கடிதத்தில் முடிந்தவரை இப்படி நானே திருத்திக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள். எனக்குப் பழக்கமில்லாத வேலை.

செங்கல்பட்டு மண்டபத்தில் உன் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை மோதிரத்தைப் போட்டார். விரல் கணு வரைக்கும் போயிற்று, அதற்கு மேல் போகவில்லை. அவர் அழுத்தினார். நீ பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாய். அவருடைய சித்தி, “இன்னாமா, அளவு குடுத்துதான வாங்குனோம்?” என்று கேட்டாள். மண்டபமே ஒரு கணம் உன் விரலைப் பார்த்தது. அந்த இடத்தில் யாராவது ஒருவர் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் அது நான்தானே? “அளவு குடுத்தது ஆடி மாசம். எங்க வூட்டு சாப்பாட்டுல விரல் மட்டும் ரெண்டு சுத்து பெருத்துட்சு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்து, மோதிரத்தை உன் சுண்டு விரலுக்கு மாற்றிவிட்டார். சிரிக்காதவள் உன் அம்மா ஒருத்திதான். நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, உன் விரல் கணுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு மாற்றக் கூப்பிட்டபோது அவள் எழவில்லை. அவள் கையால் தட்டு பிடிக்க முடியாது என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. நான் போய் வாங்கினேன். “தாய்மாமன் முன்ன நிக்கிறது எங்க வழக்கம்” என்று அதற்கும் ஒரு கதை சொன்னேன்.

இப்போது எதற்கு இத்தனையும் எழுதுகிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை படூரில் உன் ஃப்ளாட்டுக்கு வந்தேன் அல்லவா, நீ எனக்கு தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது கண்ணாடி அலமாரியில் அந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டேன். உன் விரல் வீக்கத்துக்கு ஓ.எம்.ஆர். டாக்டரம்மா எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. அட்டையில் ஒரு குமிழ்கூட உடையவில்லை. “ஏன் பாப்பா போடல?” என்று கேட்டேன். நீ தோசைக் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே, “நீதான மாமா சொன்ன, அம்மாவைக் கெடுத்ததே இந்த மாத்திரைதான்னு” என்றாய். கல்பாக்கத்தில் அணுமின் நிலைய ஸ்டாஃப் பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்தால் கடைசி ஸ்டாப் வரைக்கும் மூச்சு விடாமல் பேசுகிறவன் நான். அன்றைக்கு நாஸ்தாவைச் சாப்பிட்டுவிட்டு, சட்னி பிரமாதம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உனக்குத் தை மாதம் கல்யாணம். அந்த அட்டை உடைய வேண்டும். இந்தக் கடிதத்தின் வேலை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் வழக்கமாக அடிக்கிற ஹாரன்.

நான் உனக்கு அப்பா இல்லை. உன் அப்பா போய்ச் சேர்ந்தபோது நீ தவழ்கிற குழந்தை. ஆனால் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் அப்பா கையெழுத்து போடுகிற இடத்தில் போட்டவன் நான். எட்டாவதோடு நின்ற படிப்பானாலும் என் கையெழுத்து இன்ஜினியர் கையெழுத்து மாதிரி இருக்கும், உன் டீச்சரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அந்த உரிமையில் எழுதுகிறேன். புருஷன் போன பொம்பளை என்று உன் அம்மாவுக்கு சத்துணவுக் கூடத்தில் வேலை கொடுத்தார்கள். புதுப்பட்டினத்திலிருந்து காலையில் நடந்தே போவாள். நூற்றைம்பது பிள்ளைகளுக்குச் சோறு வடிப்பாள். வாரத்தில் ஒரு நாள் முட்டை. முட்டை நாளில் அவளை நீ பார்த்திருக்க வேண்டும். கொதிக்கிற அண்டாவிலிருந்து முட்டையை எடுத்து, தரையில் ஒரு தட்டு, உள்ளங்கையில் ஒரு உருட்டு, ஓடு சட்டை கழற்றின மாதிரி முழுசாக வந்துவிடும். ஒரு நிமிஷத்துக்கு முப்பது முட்டை. சரி, பத்து. பத்து நிஜம், நானே எண்ணியிருக்கிறேன்.

நீ ஆறாவது படிக்கும்போது அது தொடங்கியது. முதலில் காலை நேரம் மட்டும். எழுந்ததும் விரல் மடங்காது. சேலைக் கொசுவம் வைக்க முடியாது. “மரக்கட்டை மாதிரி கீதுடா தம்பி, வெயில் ஏறுனாதான் எளகுது” என்பாள். வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சூடு ஏற ஏற கொஞ்சம் இளகும். பிறகு இரண்டு கையிலும் ஒரே விரல்கள், ஒரே மாதிரி, கண்ணாடியில் பார்த்த மாதிரி வீங்கின. அதோடு ஒரு அசதி. சோறு வடித்துவிட்டு வந்தால் பாயில் விழுந்துவிடுவாள். ராத்திரி சமையல் நான்தான். அப்போது நான் அவளை என்ன சொன்னேன் தெரியுமா? “கவர்மெண்டு சம்பளம் வந்ததும் ஒடம்பு வளையமாட்டேங்குது.” அந்த வார்த்தையை உன் எதிரில் சொன்னேன். நீ அதை உன் நோட்டில் எழுதி வைக்கவில்லை என்று நினைக்கிறேன். நான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பஸ்ஸில் என்னை எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். படித்த ஜனங்கள் ஏறுகிற பஸ். முன் சீட்டில் உட்காருகிறவர்கள் பேசுவதைக் காதில் வாங்கி வாங்கியே நான் பாதி விஞ்ஞானி. யாருக்கு இடுப்புப் பிடித்தாலும், “அண்ணாத்த, இன்னிக்கு ஓ.பி. திறந்துட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே ஏறுவார்கள். நானும் கியரைப் போட்டுக்கொண்டே வைத்தியம் சொல்வேன். உன் அம்மா நோய்க்கு நான் அந்த வருஷம் சொன்ன காரணங்கள்: உப்புக் காற்று, அண்டா சூட்டோடு பச்சைத் தண்ணீரில் கை வைத்தது, இளம் வயசில் தாலி இறங்கின கவலை, அலுமினியப் பாத்திரம். ஒவ்வொன்றையும் நிரூபித்த மாதிரியே சொன்னேன். செய்யூர் பக்கத்தில் ஒரு ஆளிடமிருந்து எண்ணெய் வாங்கி வந்தேன். வாதநாராயணன் இலையும் நொச்சியும் போட்டு நல்லெண்ணெயில் காய்ச்சினது. அதைத் தினமும் நானே அவள் கைக்குத் தேய்த்தேன். அதில் மட்டும் பொய் இல்லை. ஒரு நாள் விடாமல் தேய்த்தேன்.

எண்ணெயில் அடங்கவில்லை. கடைசியில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அந்தப் பெரிய டாக்டர் அவள் கையை வாங்கி ஒவ்வொரு கணுவாக அமுக்கினார். “முடக்கு வாதம்மா இது” என்றார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டிய சின்ன மஞ்சள் மாத்திரை, அன்றைக்கு மூன்று. அதோடு ஒரு வைட்டமின், அது வேறு நாளில். “ரெண்டு மாசம் வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. பொறுமையா போடணும். நடுவுல நிறுத்தக் கூடாது. மாசா மாசம் ரத்தம் பாத்துகினு வாங்க” என்றார். வாரத்தில் எந்த நாள் என்று மறந்துவிடக் கூடாது அல்லவா? உன் அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். முட்டை நாளில் மாத்திரை. காலண்டரில் முட்டை மாதிரி ஒரு சுழி போட்டுவிட்டு வாயில் போட்டுக்கொள்வாள். அந்தச் சுழிகளை நீதான் பென்சிலால் நிழல் தீட்டி அழகுபடுத்துவாய். ஞாபகம் இருக்கிறதா?

இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை, அவர் சொன்ன மாதிரியே. அதன் பிறகு ஒரு முட்டை நாளில் அவள் எனக்கு மதியச் சோறு கொண்டுவந்தாள். டிபன் கேரியரை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் ஒரு முட்டை, முழுசாக உரித்தது. “நான் உரிச்சதுடா. பாரு, ஒரு கீறல் கீதா?” நான் முட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பஸ்ஸில் ஏறினவர்களிடமெல்லாம் அந்த முட்டைக் கதையைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையைச் சொல்லவில்லை. எண்ணெயைச் சொன்னேன். அடுத்த வாரத்துக்குள் பஸ்ஸில் பாதிப் பேர் எனக்கு எண்ணெய் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். ஒரு இன்ஜினியர் அவருடைய மாமியாருக்குக் கேட்டார். பாப்பா, என் வாழ்நாளில் ஒரு இன்ஜினியர் என்னிடம் ஒன்றை மரியாதையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் நடந்தது நீ மனப்பாடமாக வைத்திருக்கிற கதை. ரத்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நான் மட்டும் செங்கல்பட்டு போனேன். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. பெரிய டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “தம்பி, இந்த மாத்திரை உங்க அக்கா ஈரலைத் தின்னுது. இன்னும் ஒரு மாசம் போட்டா ஆளையே தின்னுடும். இன்னியோட நிறுத்திடு. எண்ணெய் போடறியே, அதையே போட்டுகினு வா” என்றார். நான் வந்து சொன்னேன். உன் அம்மா அப்படியே நம்பினாள். காலண்டரில் சுழி நின்றது. மூன்று நான்கு மாதத்தில் விரல்கள் மறுபடி வீங்கின. இந்தத் தடவை இறங்கவே இல்லை. “இன்னாடா தம்பி, எண்ணெய் போட்டும் இப்படி?” என்று அவள் கேட்டபோது, “அந்த மாத்திரை விஷம் எலும்புல தங்கிடுச்சுக்கா. அது எறங்க நாளாவும்” என்று சொன்னேன். அதுவும் ஒரு டாக்டர் சொன்ன மாதிரியே சொன்னேன். இரண்டு வருஷத்தில் அவள் விரல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன, காற்றில் சாய்ந்த சவுக்கு மாதிரி. நீ ஒன்பதாவது படிக்கும்போது அவள் அண்டாவைச் சாய்க்க முடியாமல் சோற்றைக் கொட்டிவிட்டு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு நீ பள்ளிக்கூடத்தில் வரிசையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாய். அதைப் பற்றி நாம் மூன்று பேரும் இன்று வரை பேசினதில்லை.

போன மாதம் ஓ.எம்.ஆர். ஆஸ்பத்திரியில் உன்கூட வந்தேன். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, உன்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவள் இருப்பாள். உன் ரத்தத்தைப் பார்த்து, எக்ஸ்ரேயை விளக்குமேல் வைத்து, “எலும்பு இன்னும் சுத்தமா இருக்கு, சீக்கிரமே வந்துட்டீங்க” என்று சந்தோஷமாகச் சொன்னாள். அதே மஞ்சள் மாத்திரையை எழுதினாள். நீ பின்னால் சாய்ந்துகொண்டு, “இது வேணாம் மேடம். எங்கம்மாவுக்கு இதாலதான் எல்லாம் போச்சு. மாமாகிட்டயே அந்த டாக்டர் சொன்னாரு. சொல்லு மாமா” என்றாய். இரண்டு பேரும் என்னைப் பார்த்தீர்கள். அது ஒரு கதவு, பாப்பா. திறந்துதான் இருந்தது. நான் என்ன பண்ணினேன்? கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்ததைச் சொன்னேன். அது போதாதென்று அந்த டாக்டர் லண்டனில் படித்தவர் என்றும் சேர்த்தேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, “மாத்திரையை வாங்கி வைங்க. யோசிச்சுட்டு வாங்க, ஆனா ரொம்ப நாள் யோசிக்காதீங்க” என்றாள். வெளியே வந்ததும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லவேளை நீ வந்த மாமா” என்றாய். உன் கை சூடாக இருந்தது. கணுக்கள் மட்டும் தனியாகச் சூடாக இருந்தன.

உன் தோசையைச் சாப்பிட்டுவிட்டு வந்த மறுநாள் நான் ட்யூட்டி மாற்றிக்கொண்டு அந்த டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். “எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கம்மா, அவளுக்கு உள்ள இன்னாதான் நடக்குது?” என்று கேட்டேன். அவளுக்குப் பொறுமை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு விரல் மூட்டை வரைந்தாள். உடம்பில் கிருமி நுழைந்தால் எதிர்க்கிற செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்ளுமாம். “வா, இங்கே ஆள் வேணும்” என்கிற சேதி. அந்தச் சேதிப் பொருளுக்குப் பெயர் சைட்டோகைன். அதில் பல சாதி. டி.என்.எஃப். என்று ஒன்று, இன்டர்லூகின் ஆறு என்று ஒன்று. அவள் எழுதியே கொடுத்தாள், நான் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்து மனப்பாடம் பண்ணினேன். கிருமி செத்ததும் சேதி நிற்க வேண்டும். இந்த நோயில் கிருமியே இல்லாமல் சேதி போய்க்கொண்டே இருக்கிறது. வந்த செல்கள் சும்மா இருப்பதில்லை, அவையும் சேதி விடுகின்றன. மூட்டுக்குள் இருக்கிற மெல்லிய சவ்வு தடித்துப் போய், குருத்தெலும்பின்மேல் படர்ந்து அரிக்கிறது. எலும்பைக் கரைக்கிற செல்களையும் இந்தச் சேதிதான் எழுப்பிவிடுகிறது.

அவள் சொல்லச் சொல்ல எனக்கு திருப்போரூர் கடைத்தெரு ஞாபகம் வந்தது. ஒரு தடவை நம்ம பஸ் ஹாரன் அங்கே அமுங்கினபடியே சிக்கிக்கொண்டது. நான் கையை எடுத்துவிட்டேன், சத்தம் நிற்கவில்லை. முன்னால் போன லாரிக்காரன் வழி விடச் சொல்கிறோம் என்று நினைத்து அவனும் அடித்தான். அவனைப் பார்த்து ஆட்டோக்கள் அடித்தன. எதிரில் ஒன்றும் இல்லை, பாப்பா. மாடுகூட இல்லை. ஆனால் கால்மணி நேரத்தில் அந்தத் தெருவே அடிதடியாகிவிட்டது, ஒரு பழக்கடையைச் சாய்த்துவிட்டார்கள். நான் என்ன பண்ணினேன்? காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டப் பார்த்தேன். பிறகு யாரோ ஒரு மெக்கானிக் வந்து ஒயரைப் பிடுங்கினான். இதை அந்த டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவள் மேசையைத் தட்டிச் சிரித்தாள். “அதேதான். வலி மாத்திரைங்க பெரும்பாலும் காதுல வைக்கிற பஞ்சு. உள்ள அரிக்கிறது நிக்காது. இந்த வாராந்தர மாத்திரை சத்தத்தையே அடக்கறது. ஒரு நாள்ல அடங்காது, ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுக்கும் அடங்கலன்னா, டி.என்.எஃப்.ஐ மட்டும் பிடிச்சுக் கட்டிப் போடற ஊசி இப்ப வந்திருக்கு” என்றாள். நான் சொன்ன உதாரணத்தை மற்ற நோயாளிகளுக்கும் சொல்லப் போவதாகச் சொன்னாள். இது சத்தியமாக நடந்தது. இன்னொரு நாளாக இருந்தால் இதையே உனக்குப் பத்துப் பக்கம் எழுதியிருப்பேன்.

பிறகு நான் அசதியைப் பற்றிக் கேட்டேன். “அந்தச் சேதிப் பொருள் மூட்டோட நிக்காது சார். ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கப் போகும். காய்ச்சல் வந்தா எழுந்திருக்க முடியாது இல்ல? அதே ஆளுங்கதான் இங்கயும். அதுல சிலது விடிகாலைல ஏறும், அதான் காலைல விரல் மடங்காது. வெளியிலேர்ந்து பாக்கறவங்க சோம்பேறித்தனம்னு நினைச்சுப்பாங்க” என்றாள். அவள் பொதுவாகத்தான் சொன்னாள். உன் அம்மா பாயில் சுருண்டு கிடந்ததும், நான் சட்டியை வேண்டுமென்றே சத்தமாக வைத்ததும் எனக்கு வரிசையாக வந்தன. பரம்பரையா என்று கேட்டேன். கொஞ்சம் சாய்வு இருக்கலாம், அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வந்தே தீரும் என்றில்லை, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றாள். யாராலும் என்றால் நானும்தான். நான் எதையும் முன்கூட்டிச் சொன்னவன் இல்லை.

என் சட்டைப்பையில் உன் அம்மாவின் அந்தப் பழைய ரத்த ரிப்போர்ட் இருந்தது. டிரங்குப் பெட்டியில் காலண்டரோடு கிடந்ததை எடுத்துப் போயிருந்தேன். கொடுத்தேன். அவள் படித்தாள். மறுபடி படித்தாள். “ஈரல் நல்லா இருக்கே. வீக்கத்தைக் காட்டற அளவுகூட பாதியா இறங்கியிருக்கு. மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கு சார். இதைப் பாத்தா எந்த டாக்டரும் நிறுத்தச் சொல்லமாட்டாங்களே. ஈரல் கெட்டிருந்தாலும் வேற மருந்து குடுத்திருப்பாரு, எண்ணெய் போடுன்னு அனுப்பமாட்டாரு. நிஜமாவே அப்படித்தான் சொன்னாரா?” என்று கேட்டாள். அப்போதும் நான், “சொன்னாரும்மா” என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பொய் பழகின வண்டி மாதிரி, நாம் திருப்பாவிட்டாலும் வளைவில் தானாகத் திரும்புகிறது.

அந்த ரிப்போர்ட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். காலண்டர் தாளையும் வைத்திருக்கிறேன். நீ நிழல் தீட்டின சுழிகளை எண்ணிப் பார். ஒரு வருஷம் சாப்பிட்டாள் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். பதினோரு சுழிதான் இருக்கும். பதினோரு வாரம். அவ்வளவுதான் அவள் சாப்பிட்டது. பன்னிரண்டாவது முட்டை நாளில் சுழி இல்லை. என்னை நம்பச் சொல்லவில்லை. நான் பொய் சொன்னபோதெல்லாம் நீ நம்பினாய், அதனால் நிஜம் சொல்லும்போது நம்பு என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. காகிதத்தை நம்பு. நீ படித்தவள், நீயே படித்துக்கொள். டாக்டரம்மாவிடம் எடுத்துப் போ. தை மாதம் கல்யாணம் என்பதையும், பிறகு குழந்தை வேண்டும் என்பதையும் முதலிலேயே அவளிடம் சொல்லிவிடு. குழந்தை உண்டாகிற நேரத்தில் இந்த மாத்திரை கூடவே கூடாதாம், அதற்கு முன்பே நிறுத்திவிட்டு மாற்று மருந்து கொடுப்பார்களாம், கேட்டு வைத்திருக்கிறேன். மாதா மாதம் ரத்தம் பார். எதை நிறுத்துவதானாலும் அவள் வாயால் கேட்டு நிறுத்து. இன்னொருத்தன் போய்க் கேட்டு வந்து சொன்னான் என்று நிறுத்தாதே.

உன் அம்மாவுக்கு இனி ஒன்றும் திரும்பாது. அதையும் கேட்டுவிட்டேன். அரித்துப்போன எலும்பு அரித்ததுதான். இன்றைக்குக் காலையும் நான்தான் இட்லியைப் பிட்டு அவளுக்கு ஊட்டினேன். “எந்தத் தம்பிடா அக்காவுக்கு இப்படி செய்வான், நீ இல்லன்னா நான் இன்னாடா ஆவேன்?” என்று கேட்டாள். தினமும் கேட்கிற கேள்விதான். நான் அடுத்த வாயை ஊட்டினேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்குத் தைரியம் வருமா என்று தெரியாது. நீ சொல்வதானால் சொல். சொன்ன பிறகும் அவளுக்கு ஊட்ட என் கையைத் தவிர வேறு கை இல்லை என்பதுதான், பாப்பா, என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

அன்றைக்கு நான் செங்கல்பட்டு போனது நிஜம். ஓ.பி. சீட்டு வாங்கினது நிஜம். பெஞ்சில் ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாத்திரை வேலை செய்கிறது என்பார். அப்புறம் என் எண்ணெய்க்கு என்ன பெயர்? பஸ்ஸில் அந்த இன்ஜினியர் முகத்தில் எப்படி முழிப்பேன்? என் நம்பரைக் கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து வந்து பஸ் ஏறிவிட்டேன். அந்த டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த ரிப்போர்ட்டை அவர் பார்க்கவே இல்லை. திருக்கழுக்குன்றம் மலை தெரிவதற்குள் அவர் பேச வேண்டியதை எல்லாம் பேச வைத்துவிட்டேன், மூக்கில் ஒரு கண்ணாடியை மாட்டி, அதைக் கழற்றி மேசைமேல் வைக்கவும் வைத்துவிட்டேன். அவர் கண்ணாடியே போடாதவர்.